ரெண்டு விசில்

நொச்சியூத்தில் செத்தவர் திரும்பி வந்தது ஒரே ஒரு தடவைதான். அதையும் அந்த ஊர்க்காரர்கள் அதிசயமாகச் சொல்லமாட்டார்கள். போயிட்டு வாங்க என்று சொல்லி அனுப்பினால் மனுசன் வராமல் என்ன செய்வான் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் யாரிடமும் வாரேன் என்று சொல்லக் கூடாது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். பாடை வாசலைத் தாண்டும்போது அழலாம், நெஞ்சில் அடித்துக்கொள்ளலாம், என்னைய விட்டுட்டுப் போறியளே என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்தலாம், ஆனால் வரச்சொல்லி ஒரு வார்த்தை மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது. இது அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆவுடைக்கும் தெரியும், தெரிந்தும் சொன்னாள்.

அவள் புருசன் குத்தாலம் நாலாம் நம்பர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. படியில் நிற்காதே என்பார், உள்ளே போ உள்ளே போ என்று ஆட்டை விரட்டுகிற மாதிரி விரட்டுவார், சீட்டில் கூடையை வைத்தவளைப் பார்த்து, கூடைக்கு என்னம்மா கால் வலியா என்பார். இவ்வளவு பேசுகிற மனுசன் வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்கமாட்டார். கல்யாணமான புதிதில் ஆவுடை ஆசையாக ஒரு வார்த்தையை எதிர்பார்த்துக் கொஞ்ச நாள் இருந்தாள், பிறகு அதை மறந்துவிட்டு வீட்டு வேலையைப் பார்த்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. விடியற்காலையில் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் "வாரேன்" என்பார், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து இவள் "போயிட்டு வாங்க" என்பாள், சாயங்காலம் அவர் வரும்போது உப்புப் போட்ட வெந்நீர் ஒரு சட்டியில் தயாராக இருக்கும், நாளெல்லாம் நின்று வீங்கின காலை அதற்குள் விட்டுக்கொண்டு அவர் கண்ணை மூடுவார். அவர்கள் குடும்பம் நடத்தின லட்சணம் அவ்வளவுதான்.

ஒரே ஒரு நாள் ஆவுடை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தங்கச்சியின் வளைகாப்புக்குப் போக வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்ட கோபம் அவளுக்கு. பிள்ளையில்லாதவளை அங்கே யாராவது சுருக்கென்று ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதான் அவர் தடுத்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. அதை வாய்விட்டுச் சொன்னால் குடியா முழுகிப்போகும், அவர் சொல்லவில்லை. அன்றைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார், இவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவர் போய்விட்டார். அன்றைக்குத்தான் நாலாம் நம்பர் குளத்துக்கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. புருவத்துக்கு மேலே தையலோடு வீட்டுக்கு வந்த குத்தாலம் அழவுமில்லை, திட்டவுமில்லை, "காலைல நீ சொல்லல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவள் சொல்லாமல் அவர் படி இறங்கியதில்லை, காய்ச்சலோ சண்டையோ அவளும் சொல்லாமல் விட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுசன் ஒரு நாள் காக்கியை மாட்டி, ஒரு காலில் செருப்பைப் போட்டு, மறு காலில் போடுவதற்குள் சுவரில் சாய்ந்து செத்துப்போனார். வாரேன் என்று சொல்ல நேரமில்லை. அதனால் ஆவுடை சொல்ல வேண்டிய வார்த்தை அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஊர் கூடி, சங்கு ஊதி, குளிப்பாட்டி, நெற்றியில் காசு ஒட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டி, பந்தலுக்குள் எல்லாச் சடங்கும் முடிகிற வரைக்கும் அவள் அழவே இல்லை, அழுதுவிடு ஆவுடை அழுதுவிடு என்று பெண்கள் உலுக்கினார்கள். பாடை வாசலைத் தாண்டி, நாலு பேர் தோளில் தெருவில் இறங்கி, அவர் தினமும் திரும்புகிற முக்கில் திரும்பியபோது, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் வாய் தானாகத் திறந்து, போயிட்டு வாங்க என்றது.

எதிர்வீட்டுச் செண்பகம் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள். அவள்தான் அந்தத் தெருவில் மூத்த கைம்பெண், எந்த வீட்டில் என்ன நடந்தாலும் இன்னது செய்யலாம் இன்னது கூடாது என்று சொல்லுகிறவள். "ஏட்டி, என்ன சொல்லிட்ட நீ?" என்றாள். ஆவுடைக்கு என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை.

சாயங்காலம், வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் ஈரத்தலையோடு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த வேளையில், பஸ் வருகிற நேரத்துக்குச் சற்றுப் பிந்தி, குத்தாலம் வந்தார். கோடி வேட்டி கட்டியிருந்தார், நெற்றியில் காசு இருந்தது, தலைமுடியில் சாம்பல் படிந்திருந்தது, கட்டின பெருவிரல்களோடு அடி மேல் அடி வைத்து வந்ததால் மூச்சு வாங்கினார்.

"என்ன இம்புட்டு நேரம்?" என்று ஆவுடை கேட்டாள்.

"காலக் கட்டிப் போட்டா எப்படி வேகமா வர?" என்றார்.

அவள் குனிந்து கட்டை அவிழ்த்தாள். இழவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பதால் செண்பகம் முணுமுணுத்துக்கொண்டே தன் வீட்டிலிருந்து வெந்நீர் போட்டுக் கொண்டுவந்தாள், "சொன்ன சொல்லுக்கு வந்து நிக்காவ, வெந்நி வைக்காம என்ன செய்ய?" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள். அவர் காலை விட்டதும் தண்ணீர் சாம்பல் நிறமானது.

மறுநாள் விடியற்காலையில் குத்தாலம் எழுந்து வாசலில் நின்றார். அங்கே ஆஜராக வேண்டுமாம், இங்கேயே தங்க முடியாதாம், எங்கே என்று யாரும் கேட்கவில்லை. "வாரேன்" என்றார். "போயிட்டு வாங்க" என்றாள். சாயங்காலம் வந்தார். இப்படியே அது வழக்கமாகிவிட்டது.

சாம்பல் அள்ளக் காடாத்துக்குப் போன குத்தாலத்தின் அண்ணன் மகன், சாம்பலும் எலும்பும் முறைப்படிதான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று வந்து சொன்னான். அதையும் இதையும் ஒட்டவைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, அவரவருக்கு வேலை இருந்தது. நாலாம் நம்பருக்கு அதுவரை சுடுகாட்டுக்குப் பாதை பிரிகிற விலக்கில் ஸ்டாப் கிடையாது. டிரைவர் லூர்து, குத்தாலத்தோடு பாதி ஆயுசு ஓட்டினவர், அங்கே குத்தாலம் கையைக் காட்டியதும் நிறுத்திவிட்டார், அப்புறம் அதுவே ஸ்டாப்பாகி, பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிற பெண்களும் அங்கே இறங்கிக்கொள்ள ஆரம்பித்து, இறக்கிவிட்ட புண்ணியத்துக்கு அவரை வாழ்த்தினார்கள். புதிதாக வந்த கண்டக்டர் இசக்கிராஜ், செத்தவருக்கு டிக்கெட் கிழிப்பதா வேண்டாமா என்று முதல் வாரம் விழித்தான், செக்கிங் வந்த அன்றைக்கு குத்தாலமே அவனைப் பிடித்து, "ஆளு நிக்கது கண்ணுக்குத் தெரியுதா இல்லயா, தெரிஞ்சா டிக்கெட்ட கிழி" என்று சத்தம் போட்டார். டீக்கடையில் அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்சில் கொஞ்ச நாள் யாரும் உட்காரவில்லை, பிறகு உட்கார்ந்தார்கள். பஸ்ஸில் மட்டும் அவர் உட்காரவே மாட்டார், சீட்டெல்லாம் காலியாகக் கிடந்தாலும் பின்படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். செத்தும் கண்டக்டர் புத்தி போகவில்லை பார் என்று சிரித்தார்கள்.

பதினாறாம் நாள்தான் சிக்கல் வந்தது. ஆவுடைக்குப் பொட்டையும் பூவையும் எடுத்து, வளையலை உடைத்து, தாலியை இறக்க வேண்டும். பெண்கள் தாம்பாளத்தோடு வந்து அவளை நடுவீட்டில் உட்கார வைத்திருந்த சமயம் பார்த்து குத்தாலம் வந்து, இன்றைக்கு என்ன கூட்டம் என்று கேட்டுவிட்டு, சட்டியில் காலை விட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். புருசன் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தியின் தாலியில் யார் கை வைப்பது? ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள், இன்னொருத்தி செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம் வளையலைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டு, "எனக்கு எடுக்கப்ப ஒருத்திக்கும் கை நடுங்கலியேட்டி" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆவுடை பொட்டோடும் பூவோடும் ரேஷன் கடைக்கும் போனாள், கோயிலுக்கும் போனாள், பூசாரி திருநீற்றைக் கொடுப்பதா குங்குமத்தைக் கொடுப்பதா என்று தடுமாறி இரண்டையும் கொடுத்தார்.

பொறாமையும் இருந்தது, இல்லாமல் இருக்குமா. முறை தவறாமல் வாயைக் கட்டி அனுப்பினவர்கள் எல்லாம், முறை தவறினவளுக்குப் புருசன் வந்து நிற்பதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது மகள்மார் மூன்று பேரும் பாடையின் பின்னாலேயே ஓடி, போயிட்டு வாங்கப்பா, போயிட்டு வாங்கப்பா என்று தொண்டை கிழியச் சொன்னார்கள், அவர் வரவில்லை. யோசித்துச் சொன்னால் அது பலிக்காது போலிருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. பஸ் ஸ்டாப்பில் நின்று, எங்க அய்யாவப் பாத்தியளா, எங்க அண்ணனுக்கு இதச் சொல்லுங்க என்று குத்தாலத்தை மறித்தவர்களும் உண்டு. "அங்க உள்ளத இங்க பேசப்படாது, இங்க உள்ளத அங்க பேசப்படாது, வழிய விடுங்க" என்று அதே பழைய குரலில் விரட்டினார். செத்த பிறகும் இவருக்கு இரக்கம் வரவில்லை என்று வைதார்கள்.

ஆவுடை இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அது நல்ல காலம், அதை ஒளிப்பானேன். சாயங்காலம் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் காலைத் தேய்த்துவிடுவாள், அவர் இப்போது கண்ணை மூடுவதில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், வளைகாப்புக்குப் போகவிடாததற்கு நீ இன்னும் கோபமாக இருக்கிறாயா என்று கேட்டார். ஒரு நாள், ஆரஞ்சுக் கலர் சேலை உனக்கு நல்லா இருக்கும்லா என்றார். பாதி ஆயுசு காத்திருந்து கைவிட்ட வார்த்தைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன, அவள் அந்தச் சேலையைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். செத்த புருசனுக்காக மத்தியானமே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று தெரு கேலி செய்தது, செய்துவிட்டுப் போகட்டும்.

கால்தான் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் குதிகால் வெடித்தது, விளக்கெண்ணெய் தடவினாள். பிறகு பாதத்தின் ஓரம் கரைந்தது, மஞ்சளை அரைத்துப் பூசினாள். ஒரு சாயங்காலம் சட்டியிலிருந்து காலைத் தூக்கி மடியில் வைத்துத் துடைக்கும்போது விளக்கு வெளிச்சம் பாதத்தின் வழியாக இறங்கி, அவள் சேலையில் இருந்த பூ அவளுக்குத் தெரிந்தது.

"விலக்குலருந்து வீட்டுக்கு மூணு ஸ்டாப்பு. அதுக்கு இப்படியா தேயும்?" என்றாள்.

"விலக்கு வரைக்கும் வந்து சேருததுதான் தூரம்" என்றார்.

அந்த வாரத்தில் பவுனு வந்தாள். தெருக்கோடி வீட்டுப் பெண். போன பங்குனியில் அவளுடைய மகள் காய்ச்சலில் போய்விட்டாள், ஒண்ணாம் வகுப்புக்குத் தைத்த யூனிஃபார்ம் இன்னும் கொடியில் தொங்குகிறது. பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் குத்தாலத்தை மறித்தபோது அவள் மட்டும் தள்ளியே நின்றாள். இப்போது வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. ஆவுடை அடுப்படியில் இருந்தாள். குத்தாலம் சட்டியில் காலை வைத்தபடி தரையைப் பார்த்துப் பேசினார்.

"ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கா" என்றார். "பக்கத்துல ஒரு அம்மா தலைய வாரிவிடுது. நல்ல காத்து வருது. அழலத்தா, வேடிக்க பாத்துக்கிட்டு இருக்கா."

பவுனு அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். அந்தத் தெருவே கேட்காத அழுகையை அழுதாள், அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, "அவளுக்கு ஜன்னல் ஓரம்னா உசிரு அண்ணாச்சி" என்று சொல்லி, லேசாகச் சிரிக்கவும் செய்துவிட்டு எழுந்து போனாள். ஆகாது என்று சொன்ன சட்டத்தை அவர் அவளுக்காக ஒரு தடவை மீறியது வெளியே யாருக்கும் தெரியாது.

ஆவுடை அடுப்படியிலிருந்து வந்தாள். "அங்க எல்லாரும் உக்காந்தா இருக்காவ?" என்று கேட்டாள்.

"எல்லாரும் உக்காந்திருக்காவ."

"நீங்க?"

"நான் எங்க உக்கார? திரும்பி வார ஆளுக்கு சீட்டு கிடையாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் அவர் வாரேன் என்றார், எல்லாம் தெரிந்தே அவள் போயிட்டு வாங்க என்றாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன வந்தது? ஆரஞ்சுச் சேலையை மடித்து வைக்க யாருக்கு மனசு வரும்? இன்னும் ஒரு சாயங்காலம், இன்னும் ஒரே ஒரு சாயங்காலம் என்று தனக்குத் தானே கெஞ்சிக்கொண்டாள். அந்தச் சாயங்காலமெல்லாம் அந்தக் காலில் இருந்துதான் வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியில் ஒரு நாள் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் வாரேன் என்றதும் பல்லுக்கு நடுவிலேயே அந்த வார்த்தை வெளியே போய்விட்டது. மறுநாள் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள், தண்ணீரோடு சேர்த்துச் சொன்னாள். அடுத்த நாள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். குத்தாலம் வாசலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். செருப்பு மாட்டின கால் நடுங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவளைக் கூப்பிடவில்லை, படியும் இறங்கவில்லை. அங்கே ஸ்டாப்பில் நாலாம் நம்பர் நின்றது, லூர்து ஹாரன் அடித்தார், தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்களுக்கு நேரமாகிவிட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இறங்கி விளையாடப் போய்விட்டன, ஊரே ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. லூர்து நடந்து வீட்டுக்கே வந்தார்.

"ஏம்மா, வண்டி நிக்குல்லா. ஒரு வார்த்தய சொல்லி அனுப்பி விடு" என்றார்.

அவள் முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னாள். குத்தாலம் படி இறங்கிப் போனார். பின்னாலேயே போகத் திரும்பிய லூர்துவை அவள் நிறுத்தினாள், "நான் சொன்னாலும் பாவம், சொல்லாட்டியும் பாவம்ணே, அவிய கால வந்து பாருங்க ஒருநாளு" என்று அழுதாள். கணவன் செத்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதாள்.

லூர்து வாசலில் நின்று தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார். ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். "எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். "பின்னால என்ன நடக்குன்னு டிரைவருக்குத் தெரியாது. ஒரு விசில் குடுத்தா நிப்பேன், ரெண்டு விசில் குடுத்தா எடுப்பேன். கூட்டத்துல பிள்ள ஏறிச்சா, கிழவி இறங்கிச்சா, எல்லாம் குத்தாலம் பாத்துக்கிடுவான். அவன் எல்லாருக்கும் விசில் குடுத்தான். அவனுக்கு யாரு குடுத்தா?" சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டது என்று ஓடினார்.

குத்தாலத்தின் பழைய காக்கிச் சட்டை ஆணியில்தான் தொங்கியது. அதன் பையில் விசில் இருந்தது. ஆவுடை அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் வெந்நீரில் வழக்கத்தைவிட ஒரு கை உப்புக் கூடுதலாகப் போட்டு, தண்ணீர் ஆறும் வரைக்கும் அவர் காலைத் தன் கையிலேயே வைத்திருந்தாள்.

விடிந்தது. குத்தாலம் வாசலுக்கு வந்தபோது ஆவுடை அங்கே செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள், ஆரஞ்சுச் சேலை கட்டியிருந்தாள். வாரேன் என்று அவர் வாயெடுப்பதற்குள் வீட்டைப் பூட்டினாள்.

"நீ எங்க வார?" என்றார்.

"ஸ்டாப்பு வரைக்கும்."

வீட்டுக்குள் யாரும் இல்லாதபோது யாரிடம் சொல்லிக்கொண்டு போவது என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது, பூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு இறங்கி நடந்தார். கல்யாண ஊர்வலத்துக்குப் பிறகு அவர்கள் தெருவில் சேர்ந்து நடந்தது அன்றைக்குத்தான். எப்போதும் பத்தடி முன்னால் போகிறவர், கால் முடியாததால் அவள் வேகத்துக்கு நடந்தார், அவள் அவர் வேகத்துக்கு நடந்தாள். கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செண்பகம் என்னவோ கேட்க வாயைத் திறந்து, ஆவுடையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு, கோலமாவுக் கையோடு பின்னால் வந்தாள். பவுனும் வந்தாள். இன்னும் சிலர் வந்தார்கள்.

நாலாம் நம்பர் வந்து நின்றது. குத்தாலம் ஏறி, பின்படிக்குப் பக்கத்தில் தன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆவுடை கீழே நின்று, "உள்ள போங்க" என்றாள். அவர் எத்தனை ஆயிரம் பேரிடம் சொன்ன வார்த்தை அது, தன்னிடம் ஒருத்தர் சொல்லக் கேட்டதும் விழித்தார். "ஜன்னல் ஓரமா உக்காருங்க" என்றாள்.

"நான் உக்காந்தா விசில் யாரு குடுப்பா?"

"நான் குடுக்கேன்."

அவர் இசக்கிராஜைப் பார்த்தார், அவன் தன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். குத்தாலம் ஜன்னலோர சீட்டுக்குப் போனார். கையால் சீட்டைத் தடவிப் பார்த்தார். உட்கார்ந்தார். தேய்ந்த காலிரண்டையும் முன்னால் நீட்டிவைத்தபோது அவர் முகத்தில் வந்ததைப் பார்த்து ஆவுடைக்கு, இதையா நான் இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தேன் என்று இருந்தது. அவர் ஜன்னல் வழியாக எட்டி, "சாயங்காலம் வெந்நி..." என்று ஆரம்பித்தார்.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அப்புறம், எல்லா நாளும் போல, அதைச் சொல்ல வாயெடுத்தார், அவளும் பதில் சொல்ல வாயெடுத்தாள், எடுத்த வாயில் விசிலை வைத்துக்கொண்டாள்.

ஒரு விசில் வந்தது. அதற்கு மேல் மூச்சு வரவில்லை. ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும். லூர்து பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டு, கியரில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தார். அவருக்கு எத்தனை நேரம் ஆனாலும் சரி என்கிற மாதிரி இருந்தார். அவள் இத்தோடு நிறுத்திக்கொண்டால் வண்டி நிற்கும், அவர் இறங்குவார், சாயங்காலம் உண்டு, நாளைக்கும் உண்டு. ஆவுடை ஜன்னலைப் பார்த்தாள். அவர் தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார், சட்டியில் காலை விட்ட முதல் நிமிசத்தில் மூடுவாரே, அந்த மூடல். அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அடுத்தடுத்து ரெண்டு விசில் கொடுத்தாள்.

வண்டி கிளம்பியது.

சுடுகாட்டு விலக்கில் நிறுத்தியபோது அந்த சீட்டில் ஆள் இல்லை, கொஞ்சம் சாம்பல் மட்டும் இருந்தது என்றும், அதைத் தட்ட மனசு வராமல் அன்றைக்கு முழுக்க அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை என்றும் இசக்கிராஜ் சொன்னான். பொட்டை எடுப்பதைப் பற்றி ஒருத்தி பேச்செடுத்தபோது செண்பகம், "சாவுல போனவனுக்குத்தான்ட்டி பொட்ட எடுக்கது, பஸ் ஏறிப் போனவனுக்கு யாரு எடுப்பா?" என்று அவள் வாயை அடைத்தாள், அடுத்த வெள்ளிக்கிழமை தானும் ஒரு சின்னப் பொட்டை வைத்துக்கொண்டு, யாராவது கேட்கட்டும் பார்க்கலாம் என்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நொச்சியூத்தில் பாடை கிளம்பும்போது ஆவுடையிடம் ஆள் வருகிறது. அவள் போய் வாசலில் நின்று ரெண்டு விசில் கொடுக்கிறாள், அப்புறம்தான் தூக்குகிறார்கள். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தங்கள் வீட்டு ஆள் உட்கார்ந்து போகிறார் என்ற நிம்மதி ஊர்க்காரர்களுக்கு.

அவர் உட்கார்ந்து போன அன்றைக்குச் சாயங்காலம் ஆவுடை பழக்கத்தில் வெந்நீர் வைத்துவிட்டாள். உப்பையும் போட்டுவிட்டாள். சட்டியைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் வைத்த பிறகுதான் உறைத்தது. நாலாம் நம்பர் வருகிற சத்தம் கேட்டது, ஸ்டாப்பில் ஒரு விசில் கேட்டது, யார் யாரோ இறங்கிப் பேசிக்கொண்டு போனார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெண்டு விசில் கேட்டது, வண்டி போய்விட்டது. தெருவில் செருப்புச் சத்தம் எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

தண்ணீரைக் கொட்டுவதற்குக் குனிந்தவள், கொட்டாமல், அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை ஒதுக்கி, அடுப்படிக்கும் வாசலுக்குமாகப் பாதி ஆயுசு நின்ற தன் காலிரண்டையும் அதற்குள் விட்டாள். சூடு இதமாக இருந்தது.